வலது பக்கம் உரசும் கார்

"மேடம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வேலை போகப் போகுது. அதுக்குள்ள வர முடியுமா?"

போனில் ஒரு பெண் இப்படிக் கேட்டால் அண்ணிக்கு இருப்புக் கொள்ளாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டாள். மீதிப் பாதியை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொழுந்தன் அந்தத் தட்டையும் தன் பக்கம் இழுத்தான்.

"தம்பி, கிளம்பு."

"அண்ணி, இன்னும் ரெண்டே வாய்."

"உன் வாய்க்கு இன்னிக்கு வேற வேலை இருக்கு. எந்திரி."

அண்ணி இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். நொறுங்கிய காரைப் பார்த்தே மோதியது மரமா மாமனாரா என்று சொல்லிவிடுவாள். வேலையை விட்ட கையோடு வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று ஒரு போர்டை மாட்டினாள். உதவியாளர் வேண்டுமே? முப்பத்திரண்டு வயதுக்குள் ஏழு வேலை பார்த்து ஏழிலும் வாய்க்கொழுப்பால் வெளியே வந்திருந்த கணவனின் தம்பி சும்மாதான் இருந்தான். குடும்பமே ஒருமனதாக அவனை அவள் தலையில் கட்டியது.

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே மெக்கானிக் காத்திருந்தாள். கிரீஸ் படிந்த நீலச் சட்டை, சிவந்த கண்கள். அழுதிருக்கிறாள், ஆனால் யாராவது கேட்டால் தூசி என்று அடித்துச் சொல்லிவிடுவாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவளுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார் நின்றது.

"ஒரு பல் டாக்டரோட வண்டி மேடம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சஸ்பென்ஷன் மாட்டினோம். ஷாக் அப்சார்பர் மேல மரை ஓடும் பாருங்க, அதுல ஒரு வளையம். வளையத்தை மேல திருகினா வண்டி உசரும், கீழ இறக்கினா தாழும். டாக்டர் கேட்ட உயரத்துக்கு நானே வச்சுக் குடுத்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான்."

"இப்ப என்ன பிரச்சினை?"

"இடது பக்கம் திரும்பினா வலது பின் டயர் மட்கார்டுல உரசுதாம். வண்டியே வலது பக்கம் சாயுதாம். அவர் வாங்கிக் குடுத்த நல்ல பார்ட்ஸை நான் எடுத்துக்கிட்டு மட்டமானதை மாட்டிட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டார். அஞ்சு மணிக்கு நேர்ல வர்றாராம். என்னை வேலையை விட்டு அனுப்பினதை அவர் கண்ணால பார்க்கணுமாம்."

எட்டு வருஷம் இதே ஒர்க்‌ஷாப்பில் போல்ட் கழுவி, ஆயில் மாற்றி, மற்றவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பிறகு, போன மாதம்தான் முதலாளி அவளைத் தனியாக ஒரு சஸ்பென்ஷன் வேலைக்கு விட்டார். அந்த முதல் வண்டிதான் இது. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் அவளை வாசற்படி ஏற்றாது.

முதலாளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னாலும் "ஆமா சார்" என்பார். மேஜைமேல் வேலைநீக்கக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அண்ணி தரையில் ஒரு சாக்கை விரித்து, ஐம்பத்தைந்து வயதிலும் மளமளவென்று காருக்கு அடியில் நுழைந்தாள். கொழுந்தன் வெளியே தெரிந்த அவள் கால்களோடு பேசினான்.

"அண்ணி, யாரோ ராவோட ராவா வளையத்தைத் திருகியிருக்கான். நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"யாருன்னும் கண்டுபிடிச்சிட்டியா?"

"அது உங்க வேலை. எல்லாத்தையும் நானே செஞ்சா நல்லாயிருக்காது."

"நாலு வளையத்துலயும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு இருக்கு தம்பி. யாரும்மா போட்டது?"

"நான்தான் மேடம். வேலை முடிஞ்சதும் வளையத்தையும் மரையையும் சேர்த்து ஒரு கோடு போட்டுடுவேன். யாராவது ஒரு நூல் திருகினாலும் கோடு விலகிடும்."

"எதுவும் விலகலை." அண்ணி வெளியே வந்தாள். "உன் கண்டுபிடிப்பு அவ்வளவுதான். பார்ட்ஸ் நம்பரும் டாக்டரோட பில்லும் ஒத்துப்போகுது. தம்பி, வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வா. இடது பக்கமாவே திரும்பு."

கொழுந்தன் பக்கத்துத் தெருக்களை இடது பக்கமாகவே ஒன்பது முறை சுற்றி வந்தான். முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் மூன்றாவது சுற்றில் முறைத்தார், ஆறாவதில் நோட்டை எடுத்தார், ஒன்பதாவதில் பாவம் என்று விட்டுவிட்டார். உரசலும் இல்லை, சாய்தலும் இல்லை.

"எனக்குத்தான் தலை சுத்துது," என்று இறங்கினான். "வண்டி தங்கம். டாக்டர் காதுலதான் கோளாறு. பல்லை மட்டுமே பார்த்துப் பார்த்து மத்ததெல்லாம் பழுதாயிடுச்சு."

"நான் ஓட்டினாலும் உரசலை. வண்டியைக் கொண்டுவந்து எடுத்துட்டுப் போன கம்பவுண்டர் ஓட்டினாலும் உரசலையாம்," என்றாள் மெக்கானிக். "டாக்டர் ஓட்டினா மட்டும்தான்."

அண்ணி நிமிர்ந்தாள். "டாக்டரை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல மேடம். எல்லாமே போன்லதான். முதலாளியும் பார்த்ததில்ல. இந்த ஃபைலைக் குடுத்தனுப்பினார்."

ஃபைலா அது! கல்யாண ஆல்பம் கெட்டது போங்கள். எந்த சஸ்பென்ஷனை வாங்குவது என்று டாக்டர் மூன்று மாதம் மண்டையைப் போட்டு உடைத்திருந்தார். பதினோரு வகைகளுக்குக் கட்டம் போட்ட ஒப்பீடு. எது துருப்பிடிக்கும், எது குலுக்கும், எதற்கு உதிரி கிடைக்காது என்று பச்சை, சிவப்பு, ஊதா மையில் குறிப்புகள். கடைசித் தாளில் ஸ்பிரிங் தேர்வு. ஓட்டுகிறவர் எடை எழுபத்தைந்து கிலோ வரை என்றால் மென்மையான ஸ்பிரிங், அதற்கு மேலே என்றால் கடினமானது. டாக்டர் மென்மையானதில் டிக் போட்டு, பக்கத்தில் 71 என்று எழுதி, அதற்கு மூன்று அடிக்கோடு போட்டிருந்தார்.

"இந்த எடையை எதுக்கும்மா கேட்கறீங்க?"

"உயரம் வைக்கும்போது ஓட்டறவர் உட்கார்ந்திருக்கணும் மேடம். அவருக்கு நேரமில்லைன்னார். அதனால டிரைவர் சீட்ல எழுபத்தொரு கிலோவுக்கு மணல் மூட்டையை வச்சு, நாலு டயருக்கும் அடியில எடைத் தட்டு போட்டு, வளையத்தைத் திருகினேன்."

அண்ணி அந்த மூன்று அடிக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடையை எழுதச் சொன்னா மனுஷன் எழுதிட்டுப் போவான். இவர் எதுக்கு மூணு கோடு போடறார்? தம்பி, உனக்குப் பல் வலிக்குது."

"இல்லையே."

"வலிக்குதுங்கறேன்ல!"

* * *

மூன்றரை மணிக்குக் கொழுந்தன் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். அண்ணி துணைக்கு வந்தவள்போல் ஓரமாக நின்றாள்.

டாக்டர் உள்ளே வந்தார். முதலில் வயிறு வந்தது, ஒரு வினாடி கழித்து டாக்டர் வந்தார். பூரித்த முகம், மலர்ந்த சிரிப்பு. கீழே கயிறு இல்லாத ஷூ. அவர் சுழல் ஸ்டூலில் அமர, அது புஸ்ஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டுத் தரைவரைக்கும் இறங்கியது. டாக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. நெம்புகோலை இழுத்து மேலே வந்தார். மறுபடி புஸ்ஸ்ஸ்.

கொழுந்தனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது! இவரா எழுபத்தொன்று? சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் டாக்டர் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, எச்சில் உறிஞ்சும் குழாய் மூன்றையும் சொருகினார்.

"ஆங்... ங்ஙா... ங்ஙீ!" என்றான் அண்ணியைப் பார்த்து.

"ரொம்ப வலியோ?" என்றார் டாக்டர் அன்பாக. "அடடா, நிஜமாவே சொத்தை இருக்கே! நல்லவேளை இன்னிக்கே வந்தீங்க."

வாழ்நாள் முழுக்க வாயால் கெட்டவனுக்கு, அது உதவக்கூடிய ஒரே சமயத்தில் வாய் வேலைநிறுத்தம் செய்தது. அவன் கண்ணாலேயே டாக்டரின் வயிற்றைக் காட்டினான், ஸ்டூலைக் காட்டினான், எழுபத்தொன்றைக் காட்ட விரல்களை விரித்தான். டாக்டர் அவன் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே வைத்தார்.

அண்ணியோ வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஊசி எடுக்கத் திரும்பியபோது, அவர் பேண்ட்டின் பின்பக்கத் தையலையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நாகரிகமான பெண் செய்கிற காரியமா இது?

"டாக்டர் உடம்பை நல்லா வச்சிருக்கீங்களே," என்றாள்.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பார்த்ததுமே தெரியுதா? எட்டு மாசத்துல முப்பது கிலோ! நூத்தி ஒண்ணுலேருந்து எழுபத்தொண்ணு! தினமும் காலையில நடை. பேண்ட் எல்லாம் லூசாயிட்டே வருது. இந்தப் புது உடம்புக்குத்தான் வண்டியையே புதுசு பண்ணேன். அந்த ஒர்க்‌ஷாப் பொண்ணு கெடுத்துட்டா."

"எடையை நீங்களே பார்க்கறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம! வீட்லயே மெஷின் இருக்கு."

அவர் முகத்தில் பொய் இல்லை. கொழுந்தனுக்கே அது தெரிந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க மாட்டான்.

* * *

மரத்துப்போன வாயோடு வெளியே வந்ததும் கொழுந்தன் மூச்சுவிடாமல் பேசினான். பாதி உதடு ஒத்துழைக்கவில்லை.

"அண்ணி! மெஷின்! எடை மெஷின்ல யாரோ கை வச்சிருக்காங்க! அடியில ஒரு திருகு இருக்கும், அதைத் திருகி முள்ளை இறக்கிட்டாங்க. காரைத் திருகலை, மெஷினைத் திருகியிருக்காங்க! எப்படி?"

"அருமை. எச்சிலைத் துடை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்."

டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி. மெலிந்த உருவம், கழுத்தில் தொங்கும் அளவு நாடா, விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டிய தையல் தொப்பி. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருகிறோம், ஸ்பிரிங் விஷயமாக டாக்டரின் எடை மெஷினைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி சொன்னதும், அந்த அம்மாள் முகம் வெளிறியது. படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள்.

ஜன்னலோரம் தையல் மெஷின். அதன்மேல் டாக்டரின் பேண்ட் ஒன்று பிரித்துக் கிடந்தது. மூலையில் தரையில் எடை மெஷின், வட்டமான முள் வைத்த பழைய மாதிரி.

கொழுந்தன் வெற்றிப் பெருமிதத்தோடு அதன்மேல் ஏறினான். "பாருங்க அண்ணி, என் எடை ஐம்பத்தெட்டு. இது இப்ப இருபத்தெட்டுன்னு காட்டும். நான் ஒல்லிதான், ஆனா அவ்வளவு ஒல்லி இல்ல."

முள் ஆடியது. நின்றது. ஐம்பத்தெட்டு.

இறங்கி, மறுபடி ஏறினான். ஐம்பத்தெட்டு. ஒற்றைக் காலில் நின்றான். ஐம்பத்தெட்டேதான். அந்த மெஷின் அரிச்சந்திரனுக்குத் தங்கை போலிருந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றான் அசடு வழிய. "அப்போ டாக்டர் எழுபத்தொண்ணா? அந்த ஸ்டூல் பொய் சொல்லுதா?"

"தம்பி, அந்தத் தலையணையை எடுத்துச் சட்டைக்குள்ள விடு. இன்னொண்ணும் விடு. இப்ப ஏறி நில்லு. எவ்வளவு காட்டுது?"

கொழுந்தன் குனிந்தான். தலையணை தெரிந்தது. எட்டிப் பார்த்தான், தலையணைதான் தெரிந்தது. பக்கவாட்டில் வளைந்தான், கீழே விழப்பார்த்தான்.

"முள்ளு தெரியலை அண்ணி. யாராவது பார்த்துப் படிச்சுச் சொல்லணும்..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வாய் தானாக நின்றது. இருவரும் மெதுவாக டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினார்கள்.

அந்த அம்மாள் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பேண்ட்டோட பின்தையல்ல வெளுக்காத துணி ஒரு பட்டையாத் தெரிஞ்சுது," என்றாள் அண்ணி தணிந்த குரலில். "மாசாமாசம் பிரிச்சுப் பெரிசாக்கித் தைக்கறீங்க. அவர் தான் இளைச்சிட்டதா நினைச்சுக்கறார். ஞாயித்துக்கிழமை நம்பரைப் படிக்கறதும் நீங்கதான்."

"ஆமாங்க," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது. "ஒரு சின்னக் குழந்தை, பல் பிடுங்க வந்தது. 'டாக்டர் அங்கிள், உங்க வயித்துல பாப்பா இருக்கா'ன்னு கேட்டிருக்கு. அதுலேருந்து மனுஷன் சரியா சாப்பிடலை, சிரிக்கலை. விடியக்காலையில எந்திரிச்சு நடந்தார். மூணு வாரம் கழிச்சு இதுமேல ஏறிக் கண்ணை மூடிக்கிட்டு, 'குறைஞ்சிருக்கா பாரு'ன்னார். அரைக் கிலோ கூடியிருந்துது! எனக்கு மனசு வரலை. ஒரு கிலோ குறைஞ்சிருக்குன்னுட்டேன். அன்னிக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே... சந்தோஷத்துல ரெண்டு மடங்கு சாப்பிட்டார்."

"அப்புறம் வாராவாரம் ஒரு கிலோ," என்றான் கொழுந்தன்.

"நிறுத்த முடியலைங்க. எழுபத்தொண்ணுக்கு வந்ததும்தான் நிறுத்தினேன். கல்யாணத்தப்ப அவர் அதுதான் இருந்தார். அதுக்குக் கீழ சொன்னா எனக்கே நம்பிக்கை வராது."

கொழுந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான். பாவமாக இருந்தது. கட்டினவனுக்காக இத்தனை பேண்ட் பிரித்தவளைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

"அம்மா, உங்க வீட்டு விஷயத்தை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள் அண்ணி. "ஆனா அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு வெளிய போகப் போறா. நீங்க எழுபத்தொண்ணுன்னு சொன்னதை நம்பித்தான் அவ வண்டியை வச்சா. இப்ப மணி நாலே முக்கால்."

அந்த அம்மாள் விரலில் இருந்த தையல் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே எழுந்து செருப்பை மாட்டினாள்.

* * *

அவர்கள் போனபோது டாக்டர் ஒர்க்‌ஷாப் நடுவில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். மெக்கானிக் தலை குனியாமல் நின்றாள். ஆனால் அவள் தன் ஸ்பேனர்களை ஏற்கெனவே துடைத்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் டாக்டரின் மனைவி. "அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. நீங்க எழுபத்தொண்ணு இல்லை!"

டாக்டர் சிரித்தார். "என்னம்மா, போன ஞாயித்துக்கிழமை நீதானே பார்த்துச் சொன்னே?"

"பார்த்தது வேற. சொன்னது வேறங்க."

டாக்டரின் சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தை விட்டு இறங்கியது. மனைவியைப் பார்த்தார். குனிந்து தன் வயிற்றை, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதுபோல், பார்த்தார். பிறகு நடந்துபோய், காருக்குப் பக்கத்தில் கிடந்த எடைத் தட்டின்மேல் ஏறி நின்றார்.

தட்டிலிருந்து போன வயர், எண் காட்டும் சின்னப் பெட்டியில் முடிந்தது. அது மெக்கானிக் கையில் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் நம்பர் தெரியும்.

"படிம்மா," என்றார் டாக்டர்.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தாள். டாக்டரின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், கொஞ்சம் குறைத்துச் சொல்லேன் என்று அவள் கண் கெஞ்சியது. முதலாளியோ, சார் மனம் கோணாமல் சொல் என்று சைகை காட்டினார். வேலை போகிற நேரத்தில் இப்படி ஒரு சோதனை யாருக்கு வேண்டும்?

"நூத்தி நாலு, சார்," என்றாள் மெக்கானிக்.

எங்கோ ஒரு நட்டு உருண்டு விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

"நூத்தி நாலு. முந்நூறு கிராம் கூட இருக்கு. ஷூவுக்கு அதைக் கழிச்சிட்டேன். நீங்க உட்கார்ற வலது பக்கம் அந்த மென்மையான ஸ்பிரிங் அமுங்கிடுது, கடினமானதுதான் சார் போடணும். அதைப் போட்டு நீங்க உட்கார்ந்தபடியே உயரம் வச்சா, ஆயுசுக்கும் உரசாது."

டாக்டர் தட்டிலிருந்து இறங்கினார். மனைவியைப் பார்த்தார். "முப்பத்திமூணு கிலோ பொய் சொல்லியிருக்கே."

"நீங்க சிரிச்சீங்களே," என்றாள் அவள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று முதலாளி பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"ஏன்யா! எட்டு மாசமா என்கிட்ட உண்மையைச் சொன்ன ஒரே ஆள் இந்தப் பொண்ணுதான். இவளையா வேலையை விட்டு அனுப்பப் பார்த்தே?"

முதலாளி திகைத்துப்போய்ப் பேனாவும் கையுமாக நின்றார். "சார்... நீங்கதானே சார் அனுப்பச் சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன்! என் எடையே எனக்குத் தெரியலை, என் பேச்சைக் கேட்டு ஒருத்தரை அனுப்பிடுவியா?"

"ஆமா சார்," என்றார் முதலாளி வழக்கம்போல. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு கடிதத்தை நான்காகக் கிழித்தார். மெக்கானிக் அதற்குள் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரோடு காருக்கு அடியில் போய்விட்டிருந்தாள்.